பச்சைச் சட்டையா, பழுப்புச் சட்டையா?

கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடியில் ஓர் இணுக்கு ஒடிக்கப் போன கை சட்டென்று பின்வாங்குகிறது. இலையோடு இலையாக ஒரு பச்சைப் புழு! குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையைக் கிளப்புகிறது. துடைப்பத்தால் ஒரு தட்டு. காலால் ஒரு தேய்ப்பு. அத்துடன் கதை முடிந்தது.

தட்டாமல் விட்டு வைக்கும் வீடுகளும் உண்டு. அங்கே கதை அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. தின்று கொழுத்த புழு ஒரு நாள் தீனியை நிறுத்துகிறது. வயிற்றில் உள்ளதையெல்லாம் வெளியேற்றிவிட்டு இடம் தேடி அலைகிறது. சில சமயம் அதே செடியின் பச்சைத் தண்டில் நின்றுவிடும்; சில சமயம் கீழே இறங்கிப் போய் வேலிக் குச்சியிலோ சுவரிலோ ஏறிவிடும். பிடித்த இடத்தில் பட்டு நூலால் வால் நுனியைப் பொருத்திக்கொண்டு, உடலைச் சுற்றியும் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, மரம் ஏறுகிறவன் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து இளைப்பாறுவதைப் போலச் சாய்ந்துகொள்கிறது. ஏறத்தாழ ஒரு நாள் அசைவே இல்லை. பிறகு தோல் உரிகிறது. உள்ளிருந்து வெளிப்படுவது கூட்டுப்புழு.

இதில் என்ன விந்தை என்கிறீர்களா? பச்சைத் தண்டில் சாய்ந்திருக்கும் கூட்டுப்புழு பெரும்பாலும் பச்சை. காய்ந்த குச்சியில் ஒட்டிக்கொண்டது பெரும்பாலும் பழுப்பு. இரண்டும் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம். ஒரே செடியின் இலையைத் தின்று வளர்ந்தவையாக இருக்கலாம். தின்று திரிந்த காலத்தில் இரண்டும் ஒரே பச்சை. ஓடவும் முடியாமல் பறக்கவும் முடியாமல், குருவியின் கண்ணுக்குத் தப்பி நாட்களை ஓட்ட வேண்டிய இந்த உயிருக்கு, எந்த இடத்தில் எந்தச் சட்டை பொருந்தும் என்று சொல்லிக் கொடுத்தது யார்?

கேள்வி சிறியதுதான். ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பவர்களைப் பார்த்து உலகம் எப்பொழுதும் இரண்டு எதிர்க்கேள்விகளைப் போட்டு வந்திருக்கிறது. "இதைத் தெரிந்து என்ன லாபம்?" என்பது ஒன்று. "இதைக் கேட்க நீ யார்?" என்பது மற்றொன்று. முதலாவது அறியாமை, மன்னித்து விடலாம். இரண்டாவது கொடுமை, அது உயிரையே குடித்திருக்கிறது. கூட்டுப்புழுவின் நிறத்துக்குப் பின்னால் அந்தக் கதையும் ஒளிந்திருக்கிறது.

ஆரஞ்சு மரத்தடியில்

மேரி எலிசபெத் பார்பர் என்ற அம்மையார் 1818-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தென்னாப்பிரிக்காவில் குடியேறிய குடும்பத்துடன் கப்பலேறினார். பண்ணை வாழ்க்கை, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. செடி, கொடி, பறவை, பூச்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கவனித்து எழுதுவதும் படமாகத் தீட்டுவதும்தான் அவருடைய படிப்பு.

ஆரஞ்சு மரத்தில் மேயும் ஒருவகைப் பட்டாம்பூச்சியின் புழுக்களை அவர் ஒரு பெட்டியில் வைத்து வளர்த்தார். உள்ளே ஆரஞ்சுக் கிளைகளையும் வேறு மரத்துக் கிளைகளையும் செருகி வைத்தார். ஆரஞ்சு இலைகளுக்கு நடுவே தங்கியவை அந்த இலைகளைப் போலவே கரும்பச்சையாயின. வெளிறிய இலைகளுக்கு நடுவே தங்கியவை வெளிறிய பச்சையாயின. பெட்டியின் மரச்சட்டத்தில் ஒட்டிக்கொண்டதோ மரத்தின் நிறத்தைக் காட்டிற்று. அம்மையார் அத்துடன் விடவில்லை. சிவப்புத் துணியை வைத்தும் பார்த்தார். புழு சிவக்கவில்லை!

இந்த ஒரு தோல்வியில்தான் பெரிய உண்மை இருக்கிறது. கூட்டுப்புழு கண்ணாடி அல்ல; எதிரில் இருப்பதையெல்லாம் அது காட்டிவிடாது. காட்டில் அதன் முன்னோர் சந்தித்த இலை, பட்டை, சருகு ஆகியவற்றின் நிறங்களை மட்டுமே அது அறியும். சிவப்புத் துணி எந்தக் காட்டில் விளைகிறது?

பார்பர் அம்மையாரின் குறிப்பு 1874-ம் ஆண்டில் லண்டன் பூச்சியியல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதைச் சங்கத்தின் முன் வைத்தவர் வேறு யாருமல்ல, சார்லஸ் டார்வின்தான்! பண்ணை வீட்டுப் பெண்மணியைப் பார்த்து, "நீ யார்?" என்று டார்வின் கேட்கவில்லை, "என்ன கண்டாய்?" என்பதை மட்டுமே பார்த்தார். மேதைக்கு அடையாளம் அதுதான் போலும்.

புகைப்படத் தகடு அல்ல

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1867-ல், வுட் என்பவர் அதே சங்கத்தில் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார். புதிதாகத் தோலுரித்த கூட்டுப்புழுவின் ஈரத் தோல், புகைப்படத் தகட்டைப் போலச் சுற்றுப்புற நிறத்தைப் பதித்துக்கொள்கிறது என்பது அவர் கருத்து. புகைப்படக் கலை புதுமையாக இருந்த காலம் அது. புதிதாக ஓர் இயந்திரம் வந்துவிட்டால் இயற்கையும் அதைப் போலத்தான் வேலை செய்கிறது என்று எண்ணுவது மனித சுபாவம் அல்லவா?

கேட்க அழகாயிருந்த இந்தக் கருத்தை உடைத்தவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த எட்வர்ட் பூல்டன். 1880-களில் அவர் நூற்றுக்கணக்கான புழுக்களைக் கறுப்பு, வெள்ளை, பொன் முலாம் என்று பலவகைப் பரப்புகளின் நடுவே வைத்துப் பார்த்தார். கறுப்பில் இருந்தவை கறுத்தன. வெள்ளையில் இருந்தவை வெளுத்தன. பொன் முலாம் பூசிய பரப்பில் இருந்த ஓரினப் புழுக்கள் பொன்னைப் போலவே மினுமினுத்தன!

அதைவிட முக்கியம், நிறம் எப்பொழுது முடிவாகிறது என்று அவர் கண்டதுதான். தோல் உரிந்த பிறகு இடத்தை மாற்றினால் பலனில்லை. அலைச்சல் ஓய்ந்து, புழு ஓரிடத்தில் அசையாமல் கிடக்கிறதே, அந்தச் சில மணி நேரந்தான் தீர்மான வேளை. அப்பொழுது பெற்ற செய்திக்கு ஏற்பத்தான் பின்னால் வெளிப்படும் சட்டை அமைகிறது. ஆக, நிறம் வெளியிலிருந்து பூசப்படுவதில்லை. உள்ளே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது.

அந்த முடிவுக்குச் செய்தி எந்த வழியாகப் போகிறது? புழுவின் தலையில் பக்கத்துக்கு ஆறாகச் சின்னஞ்சிறு கண்கள் உண்டு. அவற்றின் மேல் வார்னிஷ் பூசிப் பார்த்தார் பூல்டன். வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. எனவே, தோலே ஒளியை உணர்கிறது என்று முடிவு கட்டினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

பிராட்டர் பூங்காவில்

வியன்னா நகரின் பிராட்டர் பூங்காவில் 'விவேரியம்' என்ற ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1873-ம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக மீன் காட்சிச் சாலையாகக் கட்டப்பட்ட கட்டடம் அது. ஹான்ஸ் பிரிஷிப்ராம் என்ற விலங்கியலார் தம் சொந்தச் செல்வத்தைப் போட்டு, நண்பர்கள் இருவருடன் சேர்ந்து, அதை உயிரியல் சோதனைச் சாலையாக மாற்றினார்.

அங்கே வந்து சேர்ந்தவர் லியோனோரே பிரெக்கர். 1886-ல் ருமேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முட்டைக்கோஸ் செடியில் மேயும் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு நிறத்தையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு 1916-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஐரோப்பா முழுவதும் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெண்மணி ஒளியின் நிறங்களைப் பிரித்துப் பிரித்துப் புழுக்களின் மேல் விழச் செய்து கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் ஒளியில் கறுப்பு குறைந்து பச்சை மேலோங்கியது. நீல ஒளியில் கருமை மிகுந்தது. கண்களைச் செயலிழக்கச் செய்தால் புழு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் திறனை இழந்தது. முட்டைக்கோஸ் புழுவைப் பொறுத்தவரை செய்தி நுழையும் வாசல் தோல் அல்ல, கண்தான் என்று அவர் காட்டினார். ஆண்டுக்கணக்கில், கட்டுரைக்கு மேல் கட்டுரையாக, இந்த ஒரே விஷயத்தை அவர் துருவிக்கொண்டேயிருந்தார்.

வாசல் தெரிந்துவிட்டது. கண்ணில் விழுந்த செய்தி உடம்பு முழுவதும் உள்ள தோலுக்குப் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் மிச்சம்.

நூலால் கட்டிய புழு

அதற்கான சாவி வேறோர் ஊரில், ஓர் அந்துப்பூச்சியிடம் இருந்தது. போலந்து நாட்டு விஞ்ஞானி ஸ்டெபான் கோபெச், புழுவின் நடு உடலை நூலால் இறுக்கிக் கட்டினார். உடலின் நீர் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போக முடியாதபடி செய்துவிட்டார். குறித்த வேளைக்கு முன் கட்டினால், முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாயிற்று. பின்பாதி புழுவாகவே நின்றுவிட்டது! அந்த வேளை தாண்டிக் கட்டினால் இரண்டு பாதியும் மாறின. மூளையை எடுத்துவிட்டால் மாற்றமே இல்லை. எனவே மூளையிலிருந்து ஏதோ ஒரு பொருள் உடல் நீரில் கலந்து பரவுகிறது என்று 1917-லும் 1922-லும் வெளியான கட்டுரைகளில் அவர் காட்டினார். மூளை சிந்திப்பதற்கு மட்டுமல்ல, சுரப்பதற்கும் உரியது என்பதற்கு உலகுக்குக் கிடைத்த முதற் சான்றுகளில் அது ஒன்று.

1950-களில் ஜப்பானில் தோஷிதாகா ஹிதாகா என்ற இளைஞர் அதே நூலை எடுத்துக்கொண்டார். அவர் பார்த்தது நாரத்தை, ஆரஞ்சு இனத்து மரங்களில் மேயும் பட்டாம்பூச்சி. தமிழ்நாட்டுக் கறிவேப்பிலைப் புழுவுக்கு நெருங்கிய உறவு. பழுப்பாக மாறவிருந்த புழுவை வேளை பார்த்து நடுவில் கட்டினார். முன்பாதி பழுப்பு, பின்பாதி பச்சை! ஒரே கூட்டுப்புழு, இரண்டு சட்டை. தலைப்பக்கத்து நரம்பு முடிச்சுகளிலிருந்து புறப்படும் ஹார்மோன் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பழுப்பாகும். சேராத இடம் பச்சையாகவே நிற்கும் என்பது விளங்கிவிட்டது.

பச்சை என்பதும் தனி வர்ணம் அல்ல. உடலில் உண்டாகும் நீலமும், தின்ற இலையிலிருந்து வந்த மஞ்சளும் சேர்ந்த கலவை அது. செய்தி வந்தால் இந்தச் சரக்கு மாறுகிறது.

புழு பார்ப்பது நிறத்தை மட்டுமல்ல என்பதும் பின்னால் தெரிந்தது. காலுக்கு அடியில் இருப்பது வழவழப்பா, சொரசொரப்பா? மெல்லிய தண்டா, அகன்ற மரமா? காற்றில் ஈரம் எவ்வளவு? இனத்துக்கு இனம் இவையும் கணக்கில் சேருகின்றன. வட அமெரிக்காவில் கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. பகல் குறுகி, குளிர்காலம் நெருங்குகிறது என்று தெரிந்தால் அதன் புழு, எங்கே இருந்தாலும் பழுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறது. இலையெல்லாம் உதிர்ந்துவிட்ட பின் பச்சைக்கு அங்கே என்ன வேலை? அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மண்ணுக்குள்ளோ பட்டுக் கூட்டுக்குள்ளோ மறைந்துகொள்வதால் அவை பழுப்பாகவே காலத்தை ஓட்டிவிடுகின்றன. திறந்த வெளியில் தொங்குகிறவனுக்குத்தான் சட்டையைப் பற்றிய கவலை!

சங்கு ஒன்றுதான்

இனித்தான் வேடிக்கை. கறிவேப்பிலைப் புழுவின் குடும்பத்தில் ஹார்மோன் வந்தால் பழுப்பு, வராவிட்டால் பச்சை. ஆனால் முட்டைக்கோஸ் பட்டாம்பூச்சியின் குடும்பத்திலும், ஐரோப்பாவில் மயில் பட்டாம்பூச்சி என்று அழைக்கப்படும் பூச்சியின் குடும்பத்திலும் எல்லாம் தலைகீழ். அங்கே ஹார்மோன் வந்தால் கருமை குறைந்து வெளிர் நிறம், வராவிட்டால் கறுப்பு. ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்தார் மயில் பட்டாம்பூச்சியின் நரம்பு வடத்திலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கருமையைக் குறைப்பதுடன், கீரையிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் உள்ள லூட்டீன் என்ற மஞ்சள் பொருளைக் கூட்டுப்புழுவின் தோலில் சேர்ப்பதும் அதன் வேலை என்று கண்டார்கள்.

அப்படியானால் இரண்டு குடும்பங்களிலும் இருப்பவை வெவ்வேறு ஹார்மோன்களா? 1999-ம் ஆண்டில் உல்ம் நகரத்து ஸ்டார்நெக்கரும் அமெரிக்காவின் ஹேசலும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். மயில் பட்டாம்பூச்சியின் நரம்பிலிருந்தும், அமெரிக்கக் கறுப்புப் பட்டாம்பூச்சியின் நரம்பிலிருந்தும் சாற்றை எடுத்து, இரண்டு இனப் புழுக்களுக்கும் ஊசி வழியே ஏற்றினார்கள். மயில் பட்டாம்பூச்சிப் புழு மஞ்சளாயிற்று. கறுப்புப் பட்டாம்பூச்சிப் புழு பழுப்பாயிற்று. செய்தி ஒன்றே, இரண்டு உடல்களில் அதற்கு இரண்டு பொருள்!

சங்கு ஒன்றுதான். கோயிலில் ஊதினால் பூஜை. தெருவில் ஊதினால் சாவு. கேட்கிற இடந்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறது.

எதற்கெடுத்தாலும் "எல்லாம் ஹார்மோன் செய்கிற வேலை" என்று சொல்லிவிடுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. கோபம் வந்தாலும் ஹார்மோன். சோர்வு வந்தாலும் ஹார்மோன். அவர்கள் இந்தச் சோதனையைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது. ஹார்மோன் எஜமானன் அல்ல, தூதன். தூது வந்தது என்பது பாதிச் செய்திதான். வாங்கிக்கொண்டவன் அதை எப்படிப் புரிந்துகொண்டான் என்பது மீதிப் பாதி.

இந்த ஆராய்ச்சி கறிவேப்பிலைச் செடி வரைக்கும் வந்துவிட்டது. கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளி வரிசையுடன் தமிழ்நாட்டுக் கொல்லைகளில் பறக்கும் பட்டாம்பூச்சியும், எலுமிச்சையில் மேயும் அதன் உறவினமும் 1978-ல் ஸ்மித் என்பவர் வெளியிட்ட கூட்டுப்புழு நிற ஆராய்ச்சியில் இடம் பெற்றன. அந்தக் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சி பச்சையாகும்போதும் பழுப்பாகும்போதும் எந்த எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஜப்பானியர் 2020-ல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். துடைப்பத்தால் தட்டப்படும் அதே புழுதான்!

அடைபட்ட கதவுகள்

வியன்னாவில் விட்டு வந்த பெண்மணி என்னவானார்?

1920-களில் லியோனோரே பிரெக்கர் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் உரிமை கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். கட்டுரைகள் அச்சேறியிருந்தன, வெளிநாட்டு உதவித் தொகைகளும் கிடைத்தன, ஆனால் நிலையான ஓர் ஆசனம் மட்டும் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலுமாக இடம் மாறி இடம் மாறி வேலை பார்த்தார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியில் இருந்த வேலையும் போயிற்று. வியன்னாவுக்கே திரும்பினார். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. விவேரியத்தின் கதவு யூதர்களுக்கு அடைக்கப்பட்டது. அதைக் கட்டி வளர்த்த பிரிஷிப்ராமுக்கும் அடைக்கப்பட்டது!

1942 செப்டம்பரில் பிரெக்கரை ரயிலில் ஏற்றி, மின்ஸ்க் நகருக்கு அருகிலுள்ள மாலி திரொஸ்தினெத்ஸ் என்ற இடத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அவருக்கு அப்பொழுது வயது 55. பிரிஷிப்ராம் 1944-ல் தெரேசியன்ஷ்டாட் முகாமில் மாண்டார். நூலால் புழுவைக் கட்டி மூளையின் சுரப்பைக் காட்டிய கோபெச்சும் தப்பவில்லை. 1941 மார்ச்சில் வார்சாவுக்கு அருகே பால்மிரியில் ஜெர்மானியர் பழிக்குப் பழியாகச் சுட்டுத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். விவேரியத்தின் கட்டடம்கூட 1945-ல் நடந்த சண்டையில் எரிந்து அழிந்தது.

பிரெக்கரின் குற்றம் என்ன? பிறப்பு! எந்தக் குடும்பத்தில் பிறந்தாரோ அதுவே குற்றம். "இரத்தமே எல்லாம், பிறப்பே எல்லாம்" என்று முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்தபோது, ஒரு சாதாரணப் புழுவிடம்கூடப் பிறப்பு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்று ஆண்டுக்கணக்காகக் காட்டி வந்த பெண்மணியைப் பிறப்பின் பெயராலேயே தீர்த்துக் கட்டினார்கள்.

எந்தப் பாடம்?

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு நீதியை எடுத்துவிடக் கூடாது. "பார்த்தீர்களா, சூழ்நிலைதான் எல்லாம்! புழுவைப் போல மனிதனும் இருக்கிற இடத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொண்டு பிழைக்க வேண்டும்" என்று உபதேசம் செய்ய வருகிறவர்கள் உண்டு. முதலில், உண்மை அதுவல்ல. பச்சைக்கும் பழுப்புக்குமான இரண்டு வழிகளையும் புழு பிறப்பிலேயே பெற்று வருகிறது. எந்த வழி என்பதை மட்டுமே சுற்றுப்புறம் சொல்கிறது. பிறப்பு மட்டும் போதாது. சூழ்நிலை மட்டும் போதாது. சிவப்புத் துணிக்கு நடுவே வைத்தாலும் புழு சிவப்பதில்லை.

இரண்டாவதாக, பூச்சியைப் பார்த்து மனிதனுக்குச் சட்டம் எழுதுவதே தவறு. இரத்தம், இனம் என்று பேசியவர்கள் செய்தது அந்தத் தவறைத்தான். விலங்கு வளர்ப்பில் படித்ததை மனிதர் மேல் ஏற்றினார்கள். அதற்கு மறுப்பு, வேறொரு பூச்சியைப் பிடித்து வேறொரு சட்டம் எழுதுவதல்ல. மனிதன் புழு அல்லன். சுற்றியிருப்பவர் அத்தனை பேரும் ஒரே நிறத்தில் நின்றாலும் வேறு நிறத்தில் நிற்க முடியும் என்பதுதானே அவன் பெருமை!

எடுக்க வேண்டிய பாடம் புழுவிடம் இல்லை. புழுவை ஆராய்ந்தவர்களின் கதையில் இருக்கிறது. கல்லூரி காணாத ஒரு பண்ணை வீட்டு அம்மாள், ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஒருவர், ருமேனியாவில் பிறந்த ஒரு யூதப் பெண், போலந்துக்காரர் ஒருவர், போரில் அடிபட்டு எழுந்துகொண்டிருந்த ஜப்பானின் இளைஞர் ஒருவர் — இவர்களில் யாரை நீக்கினாலும் சங்கிலி அறுந்துபோகும். எந்தக் கண்ணி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. கதவைத் திறந்து வைத்த இடத்தில் அறிவு வளர்ந்தது. "நீ யார்?" என்று கேட்டுக் கதவை அடைத்த இடத்தில், ஆளும் போனார், ஆராய்ச்சியும் போயிற்று, கடைசியில் கட்டடமும் போயிற்று.

"என்ன லாபம்?" என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. புழுவின் மூளை சுரக்கிறது என்று கோபெச் கண்டபோது அதனால் யாருக்கும் காலணா லாபமில்லை. இன்றோ, மூளைச் சுரப்பு என்பது மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் கற்கும் பாடம். லாபம் பின்னால் வரும், வராமலும் போகலாம். ஆனால் லாபக் கணக்கைக் காட்டினால்தான் கேள்வி கேட்கலாம் என்று விதித்துவிட்டால் ஒன்றுமே வராது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு புட்டி போதும்

இந்தப் பெரிய கதையைச் சிறிய அளவில் ஒவ்வொரு வீட்டிலும் நடத்திப் பார்க்கலாம். கறிவேப்பிலையிலோ எலுமிச்சையிலோ நன்றாகப் பெருத்த புழு கிடைத்தால், வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் விடலாம். மேலே மெல்லிய துணியைக் கட்டிக் காற்று போக வழி செய்ய வேண்டும். தினமும் புது இலை போட்டு, எச்சத்தை அகற்ற வேண்டும். ஒரு புட்டியில் பச்சைத் தண்டு. இன்னொரு புட்டியில் காய்ந்த குச்சி. எதிர்பார்த்த நிறம் ஒவ்வொரு தடவையும் வந்துவிடாது. வராதபோதுதான் ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆராய்ச்சி பிறப்பதும் அங்கேதான். பட்டாம்பூச்சி வெளிவந்து இறகு உலர்ந்ததும் கொல்லையிலேயே விட்டுவிடலாம்.

பள்ளிக்கூடங்களில் இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. இருந்தும் எத்தனை வகுப்புகளில் நடக்கிறது? வண்ணத்துப் பூச்சியின் வாழ்க்கை வட்டத்தை நான்கு படமாக வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கிவிட்டால் போதும் என்று இருக்கிறது. "சார், இது ஏன் பழுப்பு?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்ற பதில் வந்தால் அங்கே ஒரு கதவு அடைபடுகிறது. சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் கண்டால் துடைப்பத்தைத் தேட வேண்டாம். குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினால் போதும். கூட்டுப்புழு பச்சையாக வந்தாலும் சரி, பழுப்பாக வந்தாலும் சரி. "ஏன்?" என்று கேட்கிற குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்று மட்டும் யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.